அவரிடம் கேட்டீர்களா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மயிலாடுதுறையில் இரண்டு தளங்கள் கொண்ட ஜவுளிக்கடை நடத்துகிறேன். என் தந்தை காலத்திலிருந்து, 22 ஆண்டுகளாகப் பட்டுப் பிரிவில் இருக்கும் விற்பனையாளர் ஒருவருக்குச் சர்க்கரை நோயால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஐந்து மாதங்களாக வீட்டில் இருக்கிறார். பாதிச் சம்பளத்தைத் தவறாமல் அனுப்பி வருகிறேன். இப்போது வேலைக்குத் திரும்ப விரும்புவதாக மகனிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். பட்டுப் பிரிவு மாடியில் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் சங்கடப்படுவார்கள் என்று மேலாளர் சொல்கிறார். இந்த நிலையில் அவரை அலைக்கழிப்பது பாவம் என்று எனக்கும் தோன்றுகிறது. ஒரு தொகையைக் கொடுத்துக் கௌரவமாக விடைகொடுப்பதா, பாதிச் சம்பளத்தையே ஓய்வூதியம்போலத் தொடர்வதா? எது அவருக்கு நல்லது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் குடவாசல் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தேன். என் தந்தை கணக்கெழுதிய அரிசி ஆலையை இடித்துவிட்டார்கள். நெல் காயவைத்த களத்தில் மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். அந்தக் களத்தின் ஓரத்தில் நின்றபோது நினைவுக்கு வந்த ஒரு மனிதரைப் பற்றி எழுத வேண்டும் என்று எண்ணியபடியே வீடு வந்தேன். வந்ததும் உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

முதலில் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள அனுமதியுங்கள். பாதிச் சம்பளம் அனுப்புகிறீர்கள். உங்கள் மனம் நல்ல மனம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மகன் சொன்னதும், மேலாளர் சொன்னதும், உங்களுக்குத் தோன்றியதும் இருக்கும் கடிதத்தில், அவர் உங்களிடம் நேரில் சொன்ன சொல் ஒன்றுகூட இல்லை. ஐந்து மாதங்களில் ஒருமுறையாவது அவர் எதிரில் உட்கார்ந்து, "எந்த வேலையை உங்களால் செய்ய முடியும், எதற்கு ஆள் வேண்டும்?" என்று கேட்டீர்களா? 22 ஆண்டுகள் உங்கள் கடைக்கு உழைத்தவருக்கு எது நல்லது என்று, அவரைப் பார்த்தேயிராத என்னிடம் கேட்கிறீர்கள்.

நான் நினைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு வலது கை போனது. ஆலையின் பெல்ட் இழுத்து, மணிக்கட்டோடு போய்விட்டது. அவரை நான் பெரியப்பா என்று அழைப்பேன். உறவு ஒன்றுமில்லை, ஊர் வழக்கம். முதலாளி கொடியவர் அல்லர். மாதந்தோறும் ஒரு மூட்டை அரிசி அவர் வீட்டுக்குப் போயிற்று. மூட்டையை வண்டியில் ஏற்றி அனுப்புவது என் தந்தையின் பொறுப்பு. சில மாதங்கள் நானும் கூடப் போயிருக்கிறேன். பெரியப்பா திண்ணையில் இருப்பார். காலையில் ஆலைச் சங்கு ஊதும்போது தோளில் கிடக்கும் துண்டை இடது கையால் எடுத்து உதறிவிட்டு, மறுபடியும் அங்கேயே உட்கார்ந்துகொள்வார். ஒருமுறை என்னிடம், "அரிசி வருது தம்பி, சங்குதான் எனக்கு ஊத மாட்டேங்குது" என்றார். பள்ளிக்கூடம் போகும் வயது எனக்கு. அதன் பொருள் புரியவில்லை. ஆனால் வீட்டில் போய்ச் சொன்னேன். என் தந்தை பதில் பேசவில்லை.

இப்படி இரண்டு ஆண்டுகள் போயின. ஓர் ஐப்பசியில் அடைமழை. அவித்த நெல் களத்தில் சரியாகக் காயவில்லை. அரைத்தால் அரிசி உடைந்து நொய்யாகக் கொட்டியது. நெல்லின் காய்ச்சல், அதாவது காய்ந்த பதம், பார்க்கத் தெரிந்த ஆள் ஆலையில் இல்லை. அப்போதுதான் என் தந்தை அவரைக் கூப்பிட்டனுப்பினார். பெரியப்பா களத்தில் நடந்தபடியே காலால் நெல்லைக் கிளறினார். குனிந்து இடது கையால் நாலு மணியை எடுத்து, ஒன்றைக் கடைவாயில் வைத்துக் கடித்தார். கடித்த ஓசையைக் கேட்டுக்கொண்டே, "இன்னும் ரெண்டு தடவை திருப்பிப் போடணும், அப்புறம் குவிச்சு மூடுங்க" என்றார். அன்றைக்கு அரைத்த அரிசி முழு அரிசியாக விழுந்தது. மறுநாளிலிருந்து வருகைப் பேரேட்டில் அவர் பெயர் ஏறியது, பழைய கூலிக்கே.

காய்ச்சல் பார்க்கும் அந்த அறிவு இரண்டு ஆண்டுகளும் திண்ணையில்தான் இருந்தது. அரிசி மூட்டையோடு அத்தனை முறை அவர் வீட்டுப் படியேறிய என் தந்தைக்கு ஒருமுறைகூட அதைக் கேட்கத் தோன்றவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று என்ற நிம்மதி அவர் கண்ணை மறைத்துவிட்டது. கடைசிக் காலத்தில் இதைச் சொல்லிச் சொல்லி வருந்தினார். உங்கள் பாதிச் சம்பளமும் அந்த மூட்டையைப் போல ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அரசு ஊழியராக இருந்திருந்தால் உங்கள் விற்பனையாளர் உங்கள் இரக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பணிக்காலத்தில் உடற்குறை நேர்ந்தவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது. பழைய பணி இயலாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையென்றால், பொருத்தமான பணி கிடைக்கும் வரையோ ஓய்வு பெறும் வரையோ கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும் என்று 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொன்னது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. பணியில் அடிபட்டு இடது காலை இழந்த குணால் சிங் என்ற காவலரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்தது. உடற்குறைக்கான ஓய்வூதியம் அவருக்குக் கிடைத்திருந்தது; அதைக் காரணம் காட்டி இந்தப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். அந்தக் கட்டாயம் உங்கள் கடைக்கு இல்லை. ஆனால் பணம் கொடுத்துவிட்டதால் வேலை தர வேண்டியதில்லை என்ற நினைப்பைச் சட்டம் 20 ஆண்டுகளுக்கு முன்பே தள்ளிவிட்டது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாடிக்கையாளர் சங்கடப்படுவார் என்ற பேச்சை உங்கள் மேலாளர் இத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். அது பதில் சொல்லத் தக்க பேச்சே அல்ல.

மாடி என்கிறீர்கள். திருமணப் பட்டு காட்டும் மெத்தையைக் கீழ்த்தளத்தில் ஒரு மூலைக்குக் கொண்டுவந்தால் கடை சரிந்துவிடாது. அவருடைய வேலை என்னென்ன என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். புடவையை விரித்து முந்தானையைக் காட்டுவது, ஜரிகையை விளக்குவது, முகூர்த்தப் புடவை எடுக்க வந்த பத்துப் பேரில் முடிவு சொல்லப்போவது யார் என்று கண்டுகொள்வது, திருபுவனத்திலிருந்து வரும் சரக்கைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்வது: இத்தனையும் உட்கார்ந்தபடி செய்யும் வேலைகள். அலமாரியிலிருந்து எடுத்துப் போடுவதும், மடித்ததைத் திரும்ப அடுக்குவதும்தான் எழுந்து செய்ய வேண்டியவை. அதற்கு ஒரு பையன் போதும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே திருத்தப்பட்டுவிட்டது என்பதால், மற்றவர்களுக்கும் நாற்காலி போட்டிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

தரையில் உட்கார முடியுமா என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். 1968-இல் உருவான ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால், சம்மணமிடவும் குந்தவும் வேண்டிய நம் வாழ்க்கையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. முதல் மாதங்களில், எடுத்த காலின் எஞ்சிய பகுதி வீக்கம் வற்றிச் சுருங்கும். முதலில் பொருத்திய கால் தளர்ந்து, அளவெடுத்து மாற்ற வேண்டி வரும். அந்த நாட்களுக்கு விடுப்பு கொடுங்கள். தொடக்கத்தில் அரை நாள் வரட்டும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். பட்டுப் பிரிவில் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பது உங்கள் கடையிலும் வழக்கமாக இருக்கும். புடவைகளில் குத்தியிருக்கும் குண்டூசிகள் தரையில் எத்தனை விழுகின்றன என்று உங்களுக்குத் தெரியும். சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்தவருக்கு மற்றக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். ஊசி ஏறினாலும் தெரியாது, தெரியும்போது புண்ணாகியிருக்கும். அவர் கடைக்குள் செருப்போடு நடக்கட்டும். வழக்கத்தைக் காட்டி யாரும் அவரைத் தடுக்கக் கூடாது என்று எல்லோர் முன்னிலையிலும் நீங்களே சொல்லுங்கள். மாலையில் கடை மூடுவதற்கு முன் அந்தப் பாதத்தை அவர் பார்த்துக்கொள்ள ஓர் இடமும் ஐந்து நிமிடமும் வேண்டும்.

மொத்தத் தொகையா, மாதத் தொகையா என்று கேட்டிருந்தீர்கள். மருத்துவச் செலவுக்கு வேண்டியதைத் தனியாகக் கொடுங்கள். விடைகொடுக்கும் பேச்சை அவர் வாயால் கேட்டாலொழிய நீங்கள் எடுக்காதீர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஆள் அனுப்பாமல் நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள். பழம் வாங்கிக்கொண்டு நோயாளியைப் பார்க்கப் போவதுபோலப் போகாதீர்கள். புதிதாக வந்த சரக்கில் இரண்டு புடவைகளை எடுத்துப் போய் அவர் மடியில் விரியுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.