செவலையின் மணியைப் படத்திடம் விடுங்கள்

கேள்வி: தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கதை சொல்வேன். கழுத்து மணியைத் தொலைத்துவிட்ட செவலை என்ற ஆட்டுக்குட்டியின் கதையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அதைப் படப்புத்தகமாகக் கொண்டுவர நான்கு வருடமாக முயல்கிறேன். 900 சொற்களில் எழுதி ஐந்து பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். மூன்றிலிருந்து பதிலே வரவில்லை. ஒன்று, ‘எங்களுக்குப் பொருந்தாது’ என்றது. இன்னொன்று, ‘கதை நன்று, ஆனால் நீளம். படத்துக்கு இடமில்லை’ என்றது. எனக்கு வரைய வராது. கைக்காசு போட்டு ஓர் ஓவியரை வைத்துப் படத்தோடு அனுப்பலாமா? இல்லை, இதோடு விட்டுவிடலாமா? கதையின் தொடக்கத்தை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ஐந்தில் நான்கை மறந்துவிடுங்கள். ‘பொருந்தாது’ என்பது எல்லோருக்கும் போகிற வாக்கியம், அதைப் பிழிந்தாலும் ஒன்றும் வராது. ஐந்தாவது கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். அதை எழுதியவர் உங்கள் கதையைக் கடைசிவரை படித்திருக்கிறார், எங்கே வலிக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார்.

வகுப்பில் எடுபடுகிற கதை காகிதத்தில் ஏன் படுத்துவிடுகிறது? வகுப்பில் படம் நீங்கள்தான். உங்கள் கை மணியாக ஆடுகிறது, கண் உருள்கிறது, குரல் ஆட்டுக்குட்டியாகக் கத்துகிறது. எழுத உட்கார்ந்ததும் அந்த அபிநயம் முழுவதையும் சொல்லாக்கிப் பக்கத்தில் ஏற்றிவிட்டீர்கள். ஓவியருக்கு மிச்சம் வைக்கவில்லை. நீங்கள் அனுப்பிய தொடக்கம் இது:

“ஒரு ஊரில் செவலை என்ற அழகான ஆட்டுக்குட்டி இருந்தது. அதன் கழுத்தில் பளபளவென மின்னும் பித்தளை மணி தொங்கியது. ஒருநாள் செவலை வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்தபோது மணியின் கயிறு கருவேல முள்ளில் மாட்டி அறுந்துவிட்டது. அதைக் கவனிக்காத செவலை துள்ளிக் குதித்து ஓடியது.”

30 சொற்கள். பிழையில்லாத தமிழ்தான். ஆனால் அழகு, பித்தளை, பளபளப்பு, வேலி, கருவேலம், அறுந்த கயிறு எல்லாமே கண்ணால் பார்க்கிற சங்கதிகள். படத்தில் ஒரு நொடியில் தெரிவதைச் சொல்லிலும் வைத்தால் குழந்தை ஒரே விஷயத்தை இருமுறை வாங்குகிறது. படத்தால் காட்ட முடியாதது இங்கே ஒன்றுதான் இருக்கிறது: மணியின் ஓசை. அதை மட்டும் சொல்லுக்கு வைத்துக்கொண்டால் இப்படி வரும்:

இடப்பக்கம்: செவலை நடந்தால் கிணிங்.
வலப்பக்கம்: செவலை குதித்தால் கிணிங் கிணிங்.
பக்கத்தைத் திருப்பினால்: செவலை ஓடியது.

ஒன்பது சொற்கள். மூன்றாவது வரியில் ஓசை இல்லை. பழக்கத்தில் “கிணிங்” என்று சொல்ல வாயெடுத்த குழந்தை அங்கே தடுக்கி நிற்கும், படத்தில் தேடும், முள்ளில் மணி தொங்குவதைப் பார்த்துவிடும். செவலைக்குத் தெரியாதது குழந்தைக்குத் தெரிந்துவிட்டது. இனி கடைசிவரை அந்தக் குழந்தை புத்தகத்தைப் பார்த்து, “அங்க இருக்கு, அங்க இருக்கு” என்று கத்திக்கொண்டே இருக்கும். “அதைக் கவனிக்காத” என்று நீங்கள் எழுதிய இரண்டு சொல் இந்த விளையாட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

மிச்சக் கதையையும் இதே சல்லடையில் போடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் கண்ணுக்குத் தெரிவதன் மீது பென்சிலால் கோடு போடுங்கள். ஓசை, பேச்சு, மணம், நேரம், பெயர், மனசுக்குள் ஓடுவது ஆகியவை பெரும்பாலும் தங்கும். நிறம், உருவம், இடம், உடை, முகபாவம் பெரும்பாலும் போகும். முதல் சுற்றில் பாதி போய்விடும். மூன்றாவது சுற்றில் வருகிற வெட்டுதான் வலிக்கும், ஏனென்றால் அப்போது வெட்டுவது உங்களுக்குப் பிடித்த வாக்கியங்களை.

அடுத்து டம்மி, அதாவது புத்தகத்தின் மாதிரிப் பிரதி ஒன்றைச் செய்யுங்கள். இதைச் செய்யாமல் படப்புத்தகம் எழுதுவது அளவெடுக்காமல் ரவிக்கை வெட்டுவது போல. ஆறு ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்தால் 24 பக்கம். எட்டுத் தாள் என்றால் 32. பக்க எண்ணிக்கை ஏன் இப்படி வருகிறது என்றால், அச்சகத்தில் பெரிய தாளின் இருபுறமும் அச்சடித்து மடிக்கிறார்கள். 8 பக்கமும் 16 பக்கமும்தான் அங்கே கணக்கு. 16, 24, 32 என்று ஏறும். உங்கள் கதைக்கு 27 பக்கம் வேண்டும் என்றால் அச்சகம் கேட்காது.

24 பக்க டம்மியில் 1 தலைப்பு, 2 பதிப்பு விவரம். கதை 3-இல் தொடங்கும். 4-5, 6-7 என்று 22-23 வரை பத்து விரிபக்கங்கள் (எதிரெதிரே விரியும் இரண்டு பக்கம் ஒரு விரிபக்கம்), கடைசியில் 24 தனிப்பக்கம். ஆக, உங்களிடம் உள்ளவை மொத்தம் பன்னிரண்டு காட்சிகள். சொற்களைத் துண்டுத்தாளில் எழுதி ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டிப் பாருங்கள். பசை வேண்டாம், பிரித்து ஒட்டுகிற மாதிரி டேப். எப்படியும் பத்து முறை இடம் மாறும்.

டம்மியில் மூன்று கோளாறுகள் உடனே கண்ணில் படும். முதலாவது, கேள்வி இடப்பக்கத்திலும் விடை வலப்பக்கத்திலும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும். “புதருக்குள் என்ன?” என்று இந்தப் பக்கம் கேட்டு அந்தப் பக்கமே கீரியைக் காட்டினால் யாருக்கு ஆவல் வரும்? கண் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடும். கேள்வி வலப்பக்கத்தின் அடியில் இருக்க வேண்டும், விடை தாளைத் திருப்பினால்தான் தெரிய வேண்டும். இரண்டாவது, அடுத்தடுத்த நாலு பக்கமும் ஒரே காட்சி: செவலை ஒரு விலங்கிடம் கேட்கிறது, அது இல்லை என்கிறது. உங்கள் கதையில் கோழி, காகம், நாய், பசு, பன்றி என்று ஐந்து பேர் வருகிறார்கள். மூன்று பேர் போதும். மூன்றாமவர் முறையை உடைக்க வேண்டும். நாய் பதில் சொல்லாமல் மணியைக் கவ்விக்கொண்டு ஓடட்டுமே! மூன்றாவது கோளாறு, முடிந்த பிறகும் கதை ஓடுவது. மணி கிடைத்த பிறகு பாட்டி வந்து, “பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்” என்று சொல்கிற பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். பிள்ளைகள் நாள் முழுக்க அதைத்தானே கேட்கிறார்கள், பாவம்.

சொல் எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில எழுத்துப் பயிற்சிகளில் ‘500 சொற்களுக்குள்’ என்பார்கள். அதைத் தமிழுக்கு அப்படியே எடுக்காதீர்கள். ஆங்கிலத்தில் மூன்று சொல் பிடிப்பது நமக்குக் ‘காட்டுக்குள்’ என்று ஒன்றில் முடிந்துவிடும். தமிழில் 500 என்பது நீளமான கதை. ஆறு வயதுக்கு 150 முதல் 250 வைத்துப் பாருங்கள். குழந்தைகள் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் கதைகளை நிலைவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலை 250 சொற்களுக்குள், இரண்டாம் நிலை 600 வரை. தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம். பத்துக் கதைகளின் சொற்களை மட்டும், பக்கம் பிரித்து, நோட்டில் எழுதிப் பாருங்கள். எவ்வளவு கொஞ்சமாக இருக்கிறது என்பது படிக்கும்போது தெரியாது, கையால் எழுதினால்தான் உறைக்கும்.

எண்ணிக்கை குறைந்தாலும் தமிழில் சொல்லின் நீளம் காலை வாரும். ‘மேய்ந்துகொண்டிருந்தபோது’ ஒரே சொல், ஆனால் 12 எழுத்து. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை ‘டிருந்த’வுக்கு வருவதற்குள் ‘மேய்’ மறந்திருக்கும். “செவலை மேய்ந்தது” என்று முடித்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். விவரிப்பு எளிய எழுத்துத் தமிழிலும் உரையாடல் பேச்சுத் தமிழிலும் இருக்கலாம். ஒரே ஆள் ஒரு பக்கத்தில் “எங்கே போனாய்?” என்றும் அடுத்த பக்கத்தில் “எங்க போன?” என்றும் கேட்பதுதான் கூடாது.

அப்புறம் சோதனை. நீங்கள் படித்துக் காட்டாதீர்கள். உங்கள் வாய் ஓட்டைகளை அடைத்துவிடும். கதை தெரியாத சக ஆசிரியரிடம் டம்மியைக் கொடுத்து, முன்தயாரிப்பு இல்லாமல் அவர் வகுப்பில் படிக்கச் சொல்லுங்கள். படம் இருக்க வேண்டிய இடத்தில் குச்சிக் கோட்டுக் கிறுக்கல் போதும். நீங்கள் பின்பெஞ்சில் இன்னொரு பிரதியோடு உட்கார்ந்து, அவர் நாக்கு எங்கே தடுக்குகிறது, பிள்ளைகள் எந்தப் பக்கத்தில் ஜன்னலைப் பார்க்கிறார்கள், எங்கே “திருப்புங்க டீச்சர்” என்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும், “கதை பிடிச்சுதா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். டீச்சர் கேட்டால் பிடித்தது என்றுதான் சொல்வார்கள்.

ஓவியர் விஷயம்: வேண்டாம். பதிப்பகம் பெரும்பாலும் தானே ஓவியரைத் தேர்ந்தெடுக்கும். உங்கள் கதை பிடித்துப் படம் பிடிக்காவிட்டால் இரண்டுமே திரும்பி வரும், போட்ட காசும் போகும். படத்தில் இருந்தே ஆக வேண்டியது ஏதாவது சொல்லில் இல்லை என்றால் மட்டும் ஒருவரிக் குறிப்பு போடுங்கள்: ‘படம்: மணி முள்ளில் தொங்குகிறது, செவலைக்குத் தெரியாது.’ பாட்டியின் சேலை நிறம், வாசல் கோலம் எல்லாம் ஓவியரின் பாடு.

நான்கு வருடம் அதிகமா என்று கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கப் படப்புத்தக எழுத்தாளரும் ஓவியருமான மாரிஸ் சென்டாக் ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ புத்தகத்தின் முதல் டம்மியைச் செய்தது 1955-இல். அப்போது அதில் இருந்தவை காட்டுக் குதிரைகள். கதை நகரவில்லை, அவருக்குக் குதிரையும் வரைய வரவில்லை. ஒதுக்கி வைத்துவிட்டு வேறு வேலைகளைப் பார்த்தார். பிறகு குதிரைகளின் இடத்தில் விநோத ஜந்துக்கள் வந்தன, புத்தகம் 1963-இல் வெளியானது. மொத்தம் 338 சொற்கள்தான். பக்கம் போகப் போகப் படம் பெரிதாகிச் சொல்லின் இடத்தைத் தின்றுகொண்டே வரும், நடுவில் மூன்று விரிபக்கங்களில் சொல்லே கிடையாது. எட்டு வருடமும் அவர் அதே பிரதியை உறை மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் நான்கு வருடத்தில் ஐந்து முறை அனுப்பியிருக்கிறீர்கள். எத்தனை முறை திருத்தினீர்கள் என்று கடிதத்தில் இல்லை.

அனுப்பும்போது யூனிகோடில் தட்டச்சு செய்து, விரிபக்க எண் போட்டு, மேலே மொத்தச் சொற்களையும் வயதையும் குறிப்பிடுங்கள். தூலிகா போன்ற பதிப்பகம் ஒரே கதையை ஆங்கிலம் உட்பட ஒன்பது மொழிகளில் கொண்டுவருகிறது. ல-ள-ழ சிலேடையை நம்பி நிற்கிற கதை அங்கே திணறும், ‘கிணிங்’ எந்த மொழியிலும் ஒலிக்கும். ஒப்பந்தம் வந்தால் ஒரே தொகையா, ராயல்டியா (விற்பனையில் பங்கு), மொழிபெயர்ப்பு உரிமை யாருக்கு என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்.

திருத்திய பிரதியை மூன்று வாரம் பீரோவில் வைத்துவிட்டு, மறுபடி ஒருமுறை சத்தமாகப் படித்து, முதலில் அந்த ஐந்தாவது பதிப்பகத்துக்கே அனுப்புங்கள். இரண்டே வரி போதும்: ‘படத்துக்கு இடமில்லை என்று எழுதியிருந்தீர்கள். 900 சொற்களாக இருந்தது இப்போது 210.’