"எங்க பாட்டி சுருட்டு பிடிச்சே ஆறு பெத்தாங்க!"

கேள்வி: எனக்கு இது மூன்றாம் மாதம். கணவர் வீட்டுக்குள்ளேயே சிகரெட் பிடிக்கிறார். சொன்னால், "எங்க பாட்டி சுருட்டு பிடிச்சே ஆறு பிள்ளை பெத்தாங்க, எங்க பரம்பரைக்கு ஒண்ணும் ஆகாது" என்கிறார். அப்படிப் பரம்பரைப் பாதுகாப்பு உண்டா? மரபணுச் சோதனை செய்து பார்க்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கணவர் பேச்சில் கால்வாசி உண்மை இருக்கிறது. புகையின் நச்சை உடைத்து வெளியேற்றும் நொதிகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. அதற்கு உதவும் ஜிஎஸ்டிடி1 என்ற மரபணு பலருக்குப் பிறவியிலேயே கிடையாது.

அமெரிக்காவின் பாஸ்டனில் 741 தாய்மார்களை ஆராய்ந்து 2002-ல் ஓர் ஆய்வு வெளியானது. கர்ப்பம் முழுக்கப் புகைத்தவர்களின் குழந்தைகள் சராசரியாக 377 கிராம் எடை குறைந்து பிறந்தன. அந்த மரபணு இல்லாத தாய்மார்களைத் தனியே பார்த்தால் குறைவு 642 கிராம். இருந்தவர்களுக்கு 285. புகைக்காத தாய்மார்களிடமோ மரபணு எப்படி இருந்தாலும் குழந்தையின் எடை அதனால் குறையவில்லை.

அந்த 285-ஐக் கணவரிடம் காட்டுங்கள். நல்ல மரபணு வாய்த்தவர்களுக்கே அவ்வளவு இழப்பு. ஆறு பிள்ளை பெற்ற பாட்டியைத்தான் குடும்பத்தில் நினைவு வைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் கலைந்ததையும் எடை குறைந்து பிறந்ததையும் யார் எழுதி வைத்தார்கள்?

இன்னொன்று, ஆய்வில் பார்த்தது தாயின் மரபணுவை. பாட்டியுடையது உங்கள் கணவருக்கு வந்திருக்கலாம். உங்களுக்கு எப்படி வரும்? (சொந்தத்தில் கல்யாணம் என்றால் கொஞ்சம் வரலாம், அதையும் நம்பி இருக்க முடியாது.)

நீங்களே புகைப்பதும் அவர் விடும் புகையைச் சுவாசிப்பதும் ஒன்றல்ல. உங்களுக்கு வரும் அளவு குறைவு, எடை இழப்பும் குறைவாகவே இருக்கும். ஆனால் பாதிப்பு உண்டு என்பது உறுதியான விஷயம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. குழந்தைக்குப் போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறையும்.

மரபணுச் சோதனை வேண்டாம், காசுதான் செலவு. முடிவு எதுவாக இருந்தாலும் டாக்டர் சொல்லப்போவது 'புகை வேண்டாம்' என்பதைத்தான்.

ஜன்னலைத் திறப்பது, ஃபேன் போடுவது, பாத்ரூமில் போய்ப் பிடிப்பது எதுவும் போதாது. நாளையிலிருந்து வாசலுக்கு வெளியே என்று கறாராகச் சொல்லுங்கள். அவர் அடியோடு நிறுத்த முன்வந்தால் 1800-11-2356 என்ற தேசிய இலவச உதவி எண்ணில் ஆலோசனை கிடைக்கும். நிகோடின் சூயிங்கமும் உதவும், அது அவருக்கு மட்டும். அடுத்த செக்கப்புக்கு அவரையும் அழைத்துப் போய், வீட்டில் புகை இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சியைக் கூடுதலாகக் கவனிப்பார். நடுவில் ரத்தப்போக்கோ கடும் வயிற்றுவலியோ வந்தால் செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.