எடை குறைந்துவிட்டது, கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. சாப்பாட்டைக் குறைத்து, தினமும் நடந்து, 91 கிலோவிலிருந்து 84-க்கு வந்திருக்கிறேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 118-லிருந்து 102 ஆகியிருக்கிறது. போன வருடம் ஸ்கேனில் கழுத்து ரத்தக்குழாயில் லேசான கொழுப்புப் படிவு தெரிந்ததால் ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை கொடுத்தார்கள். பிபி மாத்திரையும் உண்டு. படிவு இப்போது கரைந்திருக்குமா? மாத்திரைகளை நிறுத்திவிடலாமா?

பதில்: ஸ்டாட்டினை நிறுத்தாதீர்கள். சர்க்கரை இறங்கிய வேகத்தில் ரத்தக்குழாய் சரியாகாது.

சாப்பாட்டைக் குறைத்ததும் சீக்கிரம் கரைவது ஈரலில் படிந்த கொழுப்பு. அது இருக்கும்வரை ஈரல் இன்சுலின் பேச்சைக் கேட்காமல் ராத்திரி முழுக்கச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். காலையில் 118 காட்டியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. எடையில் 5 சதவீதம் போனாலே இன்சுலின் எதிர்ப்பு தளர ஆரம்பிக்கும். உங்களுக்குக் கிட்டத்தட்ட 8 போயிருக்கிறது. 2002-ல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு வைத்த இலக்கே 7 சதவீதமும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும்தான். அந்தக் குழுவில் புதிதாகச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. ஆனாலும் 102 என்பது இன்னும் எல்லைக்கோட்டு அளவுதான்.

எந்தக் கொழுப்பு போனாலும் இந்தப் பலன் கிடைத்துவிடும் என்றில்லை. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், பெண்களின் வயிற்றிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை லைபோசக்‌ஷனில் உறிஞ்சி எடுத்தும் இன்சுலின் செயல்பாடு மாறவே இல்லை. போனது தோலுக்கடிக் கொழுப்பு மட்டும். விளம்பரம் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி ரத்தக்குழாய். இன்சுலின் சரியாக வேலை செய்தால் குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடை நன்றாகச் சுரக்கும், குழாய் தளரும். எடை குறைந்தால் பிபியும் இறங்கும், தோராயமாகக் கிலோவுக்கு 1 புள்ளி. ஆனால் படிவு பல வருடச் சேமிப்பு, சில மாதத்தில் போய்விடாது. அதை வளர்ப்பது எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால். எடை குறையும்போது ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு நன்றாக இறங்கும், எல்டிஎல் கொஞ்சம்தான் அசையும். இப்போது உங்கள் ரிப்போர்ட்டில் எல்டிஎல் நன்றாக இருந்தால், பெரும்பாலும் அது மாத்திரையின் வேலை.

எடைக் குறைப்பு மட்டும் போதுமா என்பதை 'லுக் அஹெட்' ஆய்வு பார்த்தது. சர்க்கரை நோயாளிகள் 5,145 பேரை ஏறத்தாழ 10 வருடம் கவனித்தார்கள். உணவும் உடற்பயிற்சியும் எடையைக் குறைத்தன. மாரடைப்பு, பக்கவாதம் குறிப்பிடும்படி குறையவில்லை. 2023-ல் வந்த 'செலக்ட்' ஆய்வில், ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் இருந்தவர்களுக்கு எடையைக் குறைக்கும் செமாகுளூடைட் ஊசி அந்த ஆபத்தை 20 சதவீதம் குறைத்தது. சரி, ஊசி போட்டால் போதுமே என்று நினைக்காதீர்கள்: அவர்களில் பெரும்பாலோர் ஸ்டாட்டினும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்.

பிபி மாத்திரை விஷயம் வேறு. எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ, வீட்டில் பார்க்கும் பிபியின் மேல் அளவு 110-க்குக் கீழே போனாலோ டாக்டரிடம் சொல்லுங்கள், டோஸைக் குறைக்க வாய்ப்பு உண்டு. அப்புறம், இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். நம் ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஸ்டாட்டினால் தசைவலி வந்தாலும் நீங்களாக நிறுத்த வேண்டாம், மருந்தை மாற்றித் தர வழி இருக்கிறது.