மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பீரோ

அன்புள்ள அக்கா,

என் கணவருக்குக் கோவைக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஆடி பிறப்பதற்குள் அங்கே பால் காய்ச்சிவிட வேண்டும் என்கிறார் மாமியார். இப்போது தாம்பரத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம், லிஃப்ட் கிடையாது. இரும்பு பீரோ, தேக்குக் கட்டில், ஃபிரிட்ஜ், கிரைண்டர், அப்புறம் ஏகப்பட்ட புத்தகங்கள். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் இரண்டு பேரிடம் கேட்டோம். ஒருவர் போனிலேயே 18,000 ரூபாய் என்றார். இன்னொருவர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு 31,000 சொன்னார். “நாலு நண்பர்களைக் கூப்பிட்டு, ஒரு லாரி பிடித்து நாமே ஏற்றிவிடலாம்” என்கிறார் கணவர். எனக்கும் முகம் தெரியாதவர்கள் கையில் சாமானைக் கொடுக்க மனசில்லை. என்ன செய்யலாம்?

ச., தாம்பரம்

அன்புள்ள ச.,

கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பணக் கணக்கு ஓடவில்லை. மூன்றாவது மாடியும் இரும்பு பீரோவும்தான் கண்முன் வந்தன.

பதினைந்து வருடங்களுக்கு முன் நாங்கள் குரோம்பேட்டையில் வீடு மாற்றியபோது என் தம்பியும் அவன் நண்பர்கள் இருவரும்தான் பீரோவை இறக்கினார்கள். படி திரும்புகிற இடத்தில் பீரோவின் மேல்முனை சுவரில் இடித்து நின்றுவிட்டது. மேலே பிடித்திருந்த பையனுக்குக் கை வழுக்க, மொத்த எடையும் கீழே நின்ற தம்பியின் இடுப்பில் இறங்கியது. ஒன்றரை மாதம் படுத்த படுக்கை. இன்றைக்கும் ஒரு குடம் தண்ணீர் தூக்க யோசிப்பான். அன்று நாங்கள் மிச்சம் பிடித்தது 2,000 ரூபாய். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அதற்கடுத்த முறை லோடுமேன்களைக் கூப்பிட்டோம். அவர்களில் மூத்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். பீரோவைத் தொடுவதற்கு முன்னால் வெறுங்கையோடு ஒருமுறை கீழே வரை இறங்கிப் பார்த்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் கையை விரித்துச் சாண் போட்டு அளந்தார். மேலே வந்து பீரோவின் தட்டுகளைக் கழற்றச் சொன்னார், கதவைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி முதுகுக்கும் இரும்புக்கும் நடுவே வைத்துக்கொண்டார். அந்தத் திருப்பம் வந்ததும் பீரோவை நிமிர்த்தி, ஒரு மூலையில் நிறுத்தி, அப்படியே சுழற்றினார். சுவரில் ஒரு கீறல் இல்லை. அது வெறும் பலம் இல்லை, வருடக்கணக்கில் உடம்பில் ஏறிய தொழில். அதை நண்பர்களிடம் ஓசியில் கேட்கவே கூடாது என்பது என் கட்சி.

தாம்பரத்திலிருந்து பல்லாவரத்துக்குப் போகிறீர்கள் என்றால், குட்டி யானை ஒன்றும் லோடுமேன் மூன்று பேரும் போதும், இரண்டு நடையில் முடித்துவிடலாம் என்று சொல்லியிருப்பேன். கோவை 500 கிலோமீட்டர். வழியில் மழை வந்தாலோ வண்டி நின்றாலோ பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டும். அதனால் பேக்கர்ஸையே பிடியுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தவரைப் பிடியுங்கள். பரணில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போனில் சொல்லும் ரேட் ரேட்டே இல்லை. நாங்கள் மதுரைக்குப் போனபோது அப்படித்தான் ஏமாந்தோம். சாமானெல்லாம் ஏறி, லாரிக் கதவைப் பூட்டிய பிறகு, மாடிக்குத் தனி, கட்டில் கழற்றியதற்குத் தனி என்று 9,000 கூடுதலாகக் கேட்டார்கள். சாமான் அவர்கள் வண்டியில் இருக்கும்போது நாம் என்ன பேரம் பேச முடியும்? இரண்டு ஊர் மாடிக் கூலி, கழற்றி மாட்டுவது, டோல், ஜிஎஸ்டி எல்லாம் அந்த 31,000த்துக்குள் அடக்கமா, லாரி உங்களுக்கு மட்டுமா, வேறு வீட்டுச் சாமானும் சேருமா, எந்தத் தேதியில் வந்து சேரும் என்று முன்னாலேயே எழுதி வாங்குங்கள். ஈ-வே பில்லுக்கு (வண்டியில் சரக்கு அனுப்ப ஜிஎஸ்டியில் எடுக்கும் மின்சீட்டு) என்று தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். சொந்த உபயோகத்தில் இருந்த வீட்டுச் சாமானுக்கு அது தேவையில்லை.

இன்ஷூரன்ஸ் என்று பில்லில் ஒரு வரி போட்டுப் பணம் வாங்குவார்கள். உங்கள் பெயரில் பாலிசி காகிதம் வந்தால்தான் அது இன்ஷூரன்ஸ். லாரி ரசீதையும் பத்திரமாக வையுங்கள். ஏதாவது உடைந்தாலோ காணாமல் போனாலோ, புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம். அது இல்லாமல் வழக்குப் போட முடியாது. நுகர்வோர் உதவி எண் 1915.

முகம் தெரியாதவர்கள் என்று தயங்குகிறீர்களே, அது எனக்கும் புரிகிறது. ஆனால் தூக்குவதை அவர்களிடம் விட்டுவிட்டு, கட்டுவதில் பாதியை நீங்களே வைத்துக்கொள்ளலாம். துணிமணி, எவர்சில்வர் பாத்திரம், புத்தகம் மூன்றையும் நீங்களே கட்டுங்கள். புத்தகத்தைச் சாக்கில் போடாதீர்கள். சின்ன அட்டைப்பெட்டிகளில், ஓர் ஆள் முக்காமல் தூக்கும் அளவுக்கு மட்டும். கண்ணாடியும் பீங்கானும் அவர்களே கட்டட்டும். நாம் கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் பொறுப்பில்லை என்று கை விரித்துவிடுவார்கள். கிரைண்டரில் குழவிக் கல்லைக் கண்டிப்பாக வெளியே எடுத்துத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, ஐஸ் உருகித் துடைத்து வையுங்கள். நகை, பத்திரம், சான்றிதழ், மாமியாரின் மாத்திரை எல்லாம் உங்கள் கைப்பையில்.

ஆனி கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள். ஆடிக்குப் பயந்து எல்லோரும் அப்போதுதான் வண்டி தேடுவார்கள். நடு மாதத்தில் ஒரு வேலை நாளாகப் பாருங்கள்.

கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்ற மாட்டார்கள், ஏற்றவும் கூடாது. இங்கே ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, காகிதத்தை வாங்கிக்கொண்டால் கோவையில் புது இணைப்பு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் போய் இறங்கும் காலையில் அது வந்திருக்காது. பால் காய்ச்ச அடுப்பு வேண்டுமே! ஒரு இண்டக்‌ஷன் அடுப்பையும் அதற்கு ஒத்துவரும் அடி தட்டையான எவர்சில்வர் பாத்திரத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். மாமியார் பித்தளைப் பானையில்தான் பொங்க வேண்டும் என்றால் இண்டக்‌ஷனில் அது சூடேறாது. கம்பிச் சுருள் சூடாகும் மின்சார அடுப்பு (காயில் அடுப்பு) ஒன்றை வாங்கிவிடுங்கள்.