முள்ளந்தண்டு எம்.ஆர்.ஐ: டிஸ்க் கறுத்தால் வயலை விட வேண்டுமா?

கேள்வி: "நாரியின் 4ஆம், 5ஆம் முள்ளெலும்புக்கு இடையில் டிஸ்க் காய்ந்துவிட்டது, தரம் 4" என்று ரிப்போர்ட் வந்தது. வயது 41. போன காலபோகம் விதைக்கவில்லை, வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டேன். இனி பாரம் தூக்கவே முடியாதா? (மல்லாவி)

ஐயா, இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். நோ எங்கே, காலுக்கு இறங்குகிறதா, இப்போது கூடவா குறையவா என்று ஒரு வரிகூட அதில் இல்லை. ரிப்போர்ட்டில் இருப்பதை மட்டும் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான்.

டிஸ்க் என்பது முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் தட்டு. எம்.ஆர்.ஐயில் டி-2 என்ற வகைப் படத்தில் நீர் இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். இளவயதில் டிஸ்கின் நடுப்பகுதியில் 80, 85 வீதம் நீர். வயது போகப் போக அது 70 அளவுக்கு இறங்கும், ஏனென்றால் நீரைப் பிடித்து வைத்திருக்கும் புரோட்டியோகிளைக்கன் என்ற பொருள் குறைந்துவிடும். வெள்ளை சாம்பலாகி, பிறகு கறுக்கும். 2001இல் ஃபிர்மான் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் வகுத்த 5 தரங்கள் பார்ப்பது இதைத்தான்: நிறம், நடுவுக்கும் அதைச் சுற்றியுள்ள வெளி வளையத்துக்கும் உள்ள எல்லை, டிஸ்கின் உயரம். நோவுக்கு அந்த அளவுகோலில் இடமே இல்லை.

நாரிநோ என்றால் என்னவென்றே தெரியாத 40 வயதுக்காரர் 100 பேரைப் படம் எடுத்தால், 65, 70 பேருக்கு டிஸ்க் தேய்வு தெரியும். அவர்கள் மூட்டை தூக்குகிறார்கள், உழவு மெஷின் ஓட்டுகிறார்கள். உங்களுக்கு ஒருவரும் இதைச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். ஒரு கறுப்புத் தட்டைப் பார்த்துப் பயந்து ஒரு போகத்தை விட்டுவிட்டீர்கள். காலில் பலம் குறையவில்லை என்றால் நடவுங்கள், சின்ன வேலையில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுங்கள். நாட்கணக்கில் படுத்துக் கிடந்தால் முதுகுத் தசைதான் கெடும். போகும் டொக்டரிடம் உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். படம் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: நிறையத் தண்ணீர் குடித்தால் டிஸ்க் திரும்ப ஊறுமா? (மாங்குளம்)

ஊறாது. நீர் குறைவதற்குக் காரணம் தாகம் இல்லை, அதைப் பிடித்து வைக்கும் பொருள் குறைந்ததுதான்.

கேள்வி: காலையில் எடுத்த ஸ்கானும் பின்னேரம் எடுத்ததும் ஒன்றா? (நெடுங்கேணி)

நல்ல கேள்வி. நின்று, நடந்து, சுமக்கச் சுமக்க டிஸ்கிலிருந்து நீர் வெளியேறும். இரவில் படுத்ததும் திரும்ப ஏறும். இதனால் பின்னேரத்தில் நாம் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் குட்டையாகிறோம். இரண்டு ஸ்கானை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் எடுப்பது நல்லது.

கேள்வி: கண்ணால் தரம் போடாமல் நீரை அளந்தே சொல்ல முடியாதா? (வவுனியா, மாணவி)

முடியும், தங்கச்சி. டி-2 மேப்பிங்கில் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிக்னல் மங்கும் நேரம் மில்லிசெக்கனில் எண்ணாக வரும். டிஸ்க் தேயத் தேய எண் இறங்கும். டி-1 ரோ என்ற முறை புரோட்டியோகிளைக்கன் குறைவதை முன்கூட்டியே காட்டக்கூடியது. இரண்டும் பெரும்பாலும் ஆய்வுக்குத்தான். எண் தெரிந்தாலும் வைத்தியம் மாறுவது அரிது.

கேள்வி: 2009இல் இடுப்பில் பட்ட ஷெல் பீஸ் (துண்டு) இன்னும் உள்ளே இருக்கிறது. எம்.ஆர்.ஐ எடுக்கலாமா? (புதுக்குடியிருப்பு)

கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். பலர் படிவத்தில் "இல்லை" என்று கோடு போட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். எம்.ஆர்.ஐ மெஷினின் காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். இரும்புத் துண்டை இழுக்கும், திருப்பும். ஸ்கானின் ரேடியோ அலை அதைச் சூடாக்கவும் கூடும். தசையில் பல வருடம் இறுகிய துண்டு பெரும்பாலும் பேசாமல் இருக்கும். கண்ணருகில், முள்ளந்தண்டு நரம்பருகில், பெரிய இரத்தக்குழாய் அருகில் இருந்தால் ஆபத்து. முதலில் எக்ஸ்ரே எடுத்து இடம் பாருங்கள். முடிவை கதிரியல் டொக்டர் சொல்லட்டும். தேவையென்றால் சி.ரி. ஸ்கான் இருக்கிறது.

கேள்வி: ரிப்போர்ட் படம் இணைத்துள்ளேன். என்ன செய்யலாம்? (கிளிநொச்சி)

படம் தெளிவில்லை, வயது இல்லை, நோ பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதற்கு நான் என்ன பதில் சொல்வது? ஒன்று மட்டும்: மூத்திரம் போவது தெரியாமல் போனாலோ அடைபட்டாலோ, சைக்கிள் சீற் படும் இடம் மரத்தாலோ, நடக்கும்போது பாதத்தில் பலமில்லாமல் செருப்பு கழன்றாலோ எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உடம்பில் பீஸ் இருந்தால் வாசலிலேயே சொல்லுங்கள், பழைய எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டு போங்கள்.