வேவு பார்க்கும் சட்டமும் உங்கள் வாக்கும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதக் கட்டுரையில் உங்களை லிபர்டேரியன், அதாவது தனிமனித சுதந்திரத்தை முதன்மையாக வைத்து அரசின் அதிகாரம் குறைய வேண்டும் என்பவர், என்று சொல்லியிருந்தீர்கள். அரசு தன் குடிமக்களை வேவு பார்ப்பதை எந்தக் கட்சி செய்தாலும் எதிர்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். நான் பதினாறு ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். அண்மையில்தான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. எனக்கு இரண்டு கேள்விகள். மறைப்பதற்கு ஒன்றும் இல்லாத என்னைப் போன்ற குடும்பஸ்தன் இதற்காக ஏன் கவலைப்பட வேண்டும்? இரண்டு பெரிய கட்சிகளும் இந்த விஷயத்தில் ஒன்றுதான் என்றால், லிபர்டேரியன் கட்சிக்குப் போட்டு வாக்கை வீணாக்குவதா, வாக்குச்சாவடிக்கே போகாமல் இருப்பதா?

கே.

அன்புள்ள கே.,

2013 ஏப்ரலில் அமெரிக்காவின் ரகசியக் கண்காணிப்பு நீதிமன்றம் பிறப்பித்த ஓர் ஆணையிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்க உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமையில் ஒப்பந்தப் பணியாளராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களில் முதலில் அச்சேறியது அதுதான். வெரைசன் தொலைபேசி நிறுவனத்தின் ஒரு பிரிவு தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்கள் அனைத்தையும் நாள்தோறும் தேசியப் பாதுகாப்பு முகமையிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது அந்த ஆணை. வெளிநாட்டு அழைப்புகளோடு உள்ளூர் அழைப்புகளும் அதில் அடக்கம். பேச்சை நாங்கள் கேட்கவில்லை, யார் யாரை எப்போது எவ்வளவு நேரம் அழைத்தார்கள் என்பதை மட்டுமே எடுக்கிறோம் என்று அரசு விளக்கம் சொன்னது.

அந்த ‘மட்டுமே’ எவ்வளவு என்பதை ஒரு வீட்டின் ஒருநாள் அழைப்புப் பட்டியலை வைத்துப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்குப் புற்றுநோய் மருத்துவரின் அலுவலகத்துக்கு நான்கு நிமிடம். ஒன்பதே காலுக்குக் காப்பீட்டு நிறுவனத்துக்கு நாற்பது நிமிடம். இரவு பத்தரைக்கு, ஊரில் விடிந்து அம்மா காபி குடித்து முடித்திருக்கும் வேளையில், கும்பகோணத்துக்கு ஒரு மணி நேரம். ஒரு சொல்லைக்கூடக் கேட்காமல் அந்த வீட்டில் அன்று என்ன நடந்தது என்பதை யாரும் சொல்லிவிடலாம். அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் செய்தி அந்தக் குடும்பத்துக்கு உரியது. அதை யாரிடம், எப்போது சொல்வது என்று முடிவு செய்யும் உரிமையும் அவர்களுடையதே. உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், காப்பதற்கு நிறைய இருக்கிறது.

வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தின் 702ஆம் பிரிவு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் வெளிநாட்டவரின் மின்னஞ்சலையும் பேச்சையும், உளவுத் தகவலுக்காக, தனித்தனியாக நீதிமன்ற ஆணை பெறாமலே சேகரிக்க அது அனுமதிக்கிறது. அப்படிக் குறிவைக்கப்பட்ட ஒருவரோடு அமெரிக்கக் குடிமகன் பேசியிருந்தால், அவருடைய பேச்சும் சேர்ந்தே சேமிப்பில் விழுகிறது. பிறகு அந்தச் சேமிப்பில் அந்தக் குடிமகனின் பெயரைப் போட்டு, உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ தேடலாம். 2023இல் வெளியான நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, இந்தத் தேடலில் எஃப்பிஐ 2,78,000 முறைக்கு மேல் விதிகளை மீறியிருந்ததைக் காட்டியது. தேடப்பட்டவர்களில் காவலர் கையில் இறந்த கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலையை எதிர்த்துப் போராடிக் கைதானவர்களும் இருந்தார்கள், 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கட்டடக் கலவரத்தில் சந்தேகிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள், நாடாளுமன்ற வேட்பாளர் ஒருவருக்கு நன்கொடை கொடுத்த 19,000 பேரும் இருந்தார்கள். இடதுசாரி, வலதுசாரி என்ற பேதத்தை அந்தத் தேடுபொறி பார்க்கவில்லை. நாற்காலியில் இன்று இருப்பவர் நல்லவரா என்று லிபர்டேரியன் கேட்பதில்லை. அவருக்குப் பின் வரக்கூடிய ஆகக் கெட்டவர் கையில் இந்த அதிகாரம் என்ன செய்யும் என்றே கேட்கிறான்.

நாற்காலி ஆளை மாற்றிவிடுவதற்குச் சான்றுகள் உண்டு. அரசின் வேவுக்கு உதவிய தொலைபேசி நிறுவனங்களுக்கு, வழக்குகளிலிருந்து பின்தேதியிட்ட சட்டப் பாதுகாப்பு தரும் எந்த மசோதாவையும் தடுப்பதற்குத் துணை நிற்பேன் என்று சொல்லியிருந்த ஒபாமா, அதிபர் வேட்பாளராகிவிட்ட 2008 ஜூலையில், செனட் உறுப்பினராக அதே பாதுகாப்பை உள்ளடக்கிய சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். 702ஆம் பிரிவு பிறந்தது அந்தச் சட்டத்தில்தான். 2018இல் அதை ஆறு ஆண்டுகளுக்கு நீட்டித்துக் கையொப்பமிட்ட டிரம்ப், பதவியில் இல்லாத 2024இல் அச்சட்டத்தையே கொல்லுங்கள் என்று எழுதினார். சபாநாயகர் மைக் ஜான்சன், சாதாரண உறுப்பினராக இருந்தபோது எஃப்பிஐயின் அத்துமீறல்களைப் பார்த்ததாகவும், சபாநாயகரான பின் கிடைத்த ரகசிய விளக்கம் தனக்கு வேறொரு பார்வையைத் தந்ததாகவும் தாமே சொன்னார். இவர்களைப் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. பொறுப்பில் இருப்பவருக்குத் தன் காலத்தில் குண்டு வெடித்துவிடக் கூடாது என்ற அச்சம் உண்மையானது. அந்த அச்சத்துக்கு எதிர்த்தட்டில் வைக்க வேண்டிய எடை வெளியிலிருந்துதான், அதாவது வாக்காளரிடமிருந்துதான், வர வேண்டும்.

அதனால் வாக்குச்சாவடிக்குப் போகாமல் இருப்பது எனக்கு உடன்பாடில்லை. லிபர்டேரியன் கட்சிக்கு அதிபர் தேர்தலில் போடுவதால் பெரிய பயன் உண்டு என்றும் சொல்ல மாட்டேன். 2016இல் கேரி ஜான்சன் வாங்கிய சுமார் 3.3 விழுக்காடே அக்கட்சி இதுவரை எட்டிய உச்சம், ஒரு மாநிலத்தைக்கூட அவரால் வெல்ல முடியவில்லை. உங்கள் வாக்குக்குப் பலம் இருப்பது நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில்.

2013 ஜூலை 24 அன்று, ஸ்னோடன் செய்தி வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், மிச்சிகனைச் சேர்ந்த இருவர், குடியரசுக் கட்சியின் ஜஸ்டின் அமாஷும் ஜனநாயகக் கட்சியின் ஜான் கான்யர்ஸும், தொலைபேசிப் பதிவுகளை மொத்தமாக அள்ளுவதற்கு நிதியை நிறுத்தும் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வெள்ளை மாளிகை எதிர்த்தது. இரு கட்சிகளின் தலைமையும் எதிர்த்து வாக்களித்தது. ஆதரவு 205, எதிர்ப்பு 217. ஆதரித்தவர்களில் 94 பேர் குடியரசுக் கட்சி, 111 பேர் ஜனநாயகக் கட்சி. ஏழு பேர் பக்கம் மாறியிருந்தால் திருத்தம் அன்றே நிறைவேறியிருக்கும். தோற்றாலும் அந்த எண்ணிக்கை வீணாகவில்லை என்பது என் கணிப்பு. 2014இல் அரசின் சொந்த மேற்பார்வை வாரியமே, அந்தப் பதிவுச் சேகரிப்பு எந்தப் பயங்கரவாத விசாரணையின் முடிவையும் மாற்றியதற்குச் சான்று இல்லை என்றது. 2015 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சட்டம் அதை அனுமதிக்கவே இல்லை என்றது. அடுத்த மாதம் நாடாளுமன்றம் அதை முடித்துவைத்தது.

அதே வாரியம் 702ஆம் பிரிவு பயனுள்ளது என்றும் சொன்னது. அதை நான் மறைக்கப் போவதில்லை. என் கொள்கை நண்பர்கள் சிலர் கோபித்துக்கொண்டாலும், அந்தப் பிரிவையே ஒழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு குடிமகனின் பெயரைப் போட்டுத் தேடுவதற்கு முன் நீதிபதியிடம் காரணம் சொல்லி ஆணை பெறுங்கள் என்று மட்டுமே கேட்கிறேன். அமெரிக்கக் குடிமக்கள் அல்லாத, ஊரில் இருக்கும் உங்கள் உறவினருக்கும் எனக்கும் அந்த ஆணை காவல் ஆகாது. ஓர் அரசின் அதிகாரம் அதன் எல்லைக்கு வெளியே இருப்பவரையும் கட்டுப்பாடின்றித் தொடக் கூடாது என்ற வாதம் இன்னும் நீண்ட தூரம் போக வேண்டியிருக்கிறது.

2024 ஏப்ரல் 12 அன்று அந்த ஒரே கோரிக்கை திருத்தமாகச் சபைக்கு வந்தது. ஆதரவு 212, எதிர்ப்பு 212. சமநிலை என்றால் திருத்தம் தோற்றது என்று பொருள். 702ஆம் பிரிவு அந்தத் திருத்தம் இல்லாமலே மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு நீண்டது.

இதில் எனக்குள்ள வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். 2001இல் அரசின் வேவு அதிகாரத்தை விரித்த பேட்ரியாட் சட்டத்தை எதிர்த்து செனட்டில் வாக்களித்த ஒரே உறுப்பினர் ரஸ் ஃபைன்கோல்ட், ஜனநாயகக் கட்சிக்காரர். 2010 தேர்தலில் அவர் தோற்றார். அந்த வாக்குக்காக அவரை யாரும் தோற்கடிக்கவில்லைதான், ஆனால் அந்த வாக்குக்காக அவரைக் காப்பாற்றப் போதுமான பேரும் முன்வரவில்லை. கட்சி வேறாக இருந்தாலும் இந்த ஒரு விஷயத்துக்காக அவருக்கு வாக்களித்திருக்க வேண்டியவர்கள் அங்குள்ள எங்கள் லிபர்டேரியன்கள்.

உங்கள் மாநிலத்தில் கட்சிகள் தம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்தேர்தல் ஜூன் மாதம் நடக்கிறது. பொதுத்தேர்தலைவிட மிகக் குறைவானவர்களே அதில் வாக்களிப்பார்கள் என்பதால், ஒரு தெருவில் உள்ளவர்கள் சேர்ந்து கேட்கும் கேள்விகூட வேட்பாளரின் காதில் விழும். 2024 ஏப்ரல் 12 வாக்கெடுப்பில் ஒவ்வோர் உறுப்பினரும் எந்தப் பக்கம் நின்றார் என்பது பெயர்வாரியாகச் சபையின் பதிவேட்டில் இருக்கிறது. உங்கள் தொகுதி உறுப்பினரின் பெயரை அதில் தேடிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.