பாங்காக்குக்கு முதுகுப்பையோடு தனியாகப் போகிறேன். முதல் சில நாட்களை எப்படிக் கழிக்கலாம்?

வெளிநாடு போவது இதுதான் முதல்முறை, ஹாஸ்டலில் தங்கப் போகிறேன், சைவம், கையில் பெரிய பணம் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

படகில் தொடங்குங்கள். மெட்ரோ வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு மாலிலிருந்து இன்னொரு மாலுக்குத்தான் போய்ச் சேருவீர்கள். 1782இல் முதலாம் ராமா மன்னர் தலைநகரை சாவ் பிரயா ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றியபோது ஊரே தண்ணீரை வைத்துத்தான் அமைந்தது. ஆறும் அதிலிருந்து வெட்டிய வாய்க்கால்களும்தான் தெருக்கள். பிறகு பல வாய்க்கால்களைத் தூர்த்து ரோடு போட்டார்கள். ஆனாலும் அரண்மனை, பழைய கோயில்கள், பூச்சந்தை, சைனா டவுன் எல்லாம் இன்றும் ஆற்றை ஒட்டியே இருக்கின்றன.

முதலில் போய்ச் சேரும் வேலையை முடித்துவிடலாம். தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டையை, தரையிறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இலவசம்தான், பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தைப் பாருங்கள். ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டையைச் செருகினால் ஒவ்வொரு முறையும் 220 பாத், சில வங்கிகளில் அதற்கும் மேல் பிடித்துக்கொள்வார்கள். நம் பணத்தில் 500 ரூபாய்க்கு மேல். சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கினால் நகருக்குள் பயா தாய் வரை ரயில் 45 பாத், அரை மணி நேரம். இன்னொரு விமான நிலையமான டான் முவாங்கில் இறங்கினால் ஏ4 பேருந்து பழைய நகரத்துக்கே கொண்டுபோய் விடும்.

தங்குவதற்குப் பழைய நகரத்தில் பங்லம்பூ, பிரா ஆதித் பக்கம் பாருங்கள். முதுகுப்பைப் பயணிகள் கூடும் காவோ சான் தெருவிலேயே எடுக்க வேண்டாம். பக்கத்தில் இருந்தால் போதும். இரவு இரண்டு மணிக்கும் அங்கே ஸ்பீக்கர் அலறும். ஒரு சாயங்காலம் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வாருங்கள், அதற்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை.

இனி படகு. சபான் தக்சின் ரயில் நிலையத்தின் கீழேயே சாதோர்ன் படகுத்துறை. அங்கே முதலில் உங்கள் கண்ணில் படுவது சுற்றுலாப் படகுக்கு டிக்கெட் விற்கும் கவுன்டர்தான். புன்னகைத்துவிட்டுத் தாண்டிப் போங்கள். ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு எது என்று கேளுங்கள். எங்கே இறங்கினாலும் 16 பாத். அலுவலகம் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், காவி கட்டிய பிக்குகள் எல்லோரும் ஏறுவது அதில்தான். பிக்குகளுக்குத் தனி இடம் உண்டு. பெண்கள் அவர்கள்மேல் படாமல் நிற்க வேண்டும். டிக்கெட் கொடுக்கும் அம்மா கையிலிருக்கும் நீளமான தகரக் குழலைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டே வருவார். துறை நெருங்கும்போது பின்னால் நிற்பவர் விசிலடித்தே ஓட்டுநருக்கு வழி சொல்வார். படகு துறையில் நிற்பது சில நொடிகள்தான், நம் ஊர் டவுன் பஸ்ஸில் ஏறிப் பழகியவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை.

தா தியன் துறையில் இறங்கினால் வாட் போ கோயில். 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர். எல்லோரும் முகத்தைப் படமெடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் பாதம் வரை நடங்கள், உள்ளங்காலில் முத்துச்சிப்பியால் இழைத்த 108 மங்கலச் சின்னங்கள் இருக்கின்றன. முதுகுப்புறம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போகிறார்கள், அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்கும். அப்புறம் அதே துறையிலிருந்து சில பாத் கொடுத்து அக்கரை போனால் வாட் அருண் கோயில். கோபுரம் முழுக்கச் சீனப் பீங்கான் துண்டுகள். வெயில் சாய்ந்த பிறகு இக்கரையிலிருந்து பார்ப்பதே எனக்கு இன்னும் பிடிக்கும், அதற்குக் கட்டணமும் இல்லை.

அரண்மனைக்கு 500 பாத். கொஞ்சம் வலிக்கும். ஆனால் அதே வளாகத்திலுள்ள மரகதப் புத்தர் கோயிலைச் சுற்றியுள்ள பிராகாரச் சுவரில் தாய்லாந்து ராமாயணம் 178 ஓவியங்களாக ஓடுகிறது. கதை தெரிந்த நமக்கு அதுவே போதும். இவர்களுடைய அனுமன் பிரம்மச்சாரி இல்லை. சேது கட்டும்போது கல்லைத் திருட வந்த கடல்கன்னியையே, அதுவும் ராவணனின் மகளையே, காதலிக்கிறான்! காலையில் திறந்தவுடன் போங்கள். அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன் கூடாது. வெளியே நல்ல சட்டை போட்ட ஒருவர், "இன்று விசேஷம், அரண்மனை மூடியிருக்கிறது, 20 பாத்துக்கு டுக்டுக்கில் வேறு கோயில் காட்டுகிறேன்" என்பார். அந்த வண்டி கடைசியில் நிற்பது ரத்தினக் கடை வாசலில். காது கேட்காதவர்போல வாசல் வரை நடந்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் பயண வீடியோக்களில் அரைநிமிடம் வந்து போகும் சிவப்பு ஊஞ்சல். 20 மீட்டருக்கு மேல் உயரமான தேக்குச் சட்டம். இப்போது நிற்பது 2007இல் புதுப்பித்தது. ஒரு காலத்தில் இளைஞர்கள் அதில் உந்தி ஆடி, எதிரே கம்பத்தில் தொங்கும் காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்கள். விழுந்து செத்தவர்களும் உண்டு. 1935இல் ஊஞ்சலாட்டத்தை நிறுத்திவிட்டார்கள். சடங்கு மட்டும் நிற்கவில்லை. பக்கத்துத் தெருவிலுள்ள பிராமணர் கோயிலில், மார்கழி தை வாக்கில், அரசவைப் பிராமணர்கள் இன்றும் திருவெம்பாவை பாடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தாய்லாந்துக்காரர்கள் நாவில் உருண்டு வந்ததால், கேட்டால் நமக்குப் பிடிபடாது. கோயில் வெள்ளைச் சுவரோடு சின்னதாக இருக்கும், தாண்டிப் போய்விடாதீர்கள். சிலோம் பக்கம் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. அங்கே வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள்தான்.

ஊஞ்சலிலிருந்து நடக்கிற தூரத்தில் பான்ஃபா துறை. அங்கே சேன் சேப் வாய்க்கால் படகு பிடியுங்கள். இது ஆற்றுப் படகு மாதிரி அழகானது இல்லை. தண்ணீர் கறுப்பு, நாற்றமும் உண்டு. எதிரே படகு வந்தால் ஓரத்தில் இருப்பவர்கள் கயிற்றை இழுத்துப் பிளாஸ்டிக் திரையை உயர்த்த வேண்டும். அங்கே உட்கார்ந்தால் அது உங்கள் வேலை. ஆனால் மேலே டிராஃபிக் அசையாமல் நிற்கும்போது நீங்கள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மால்கள் நிறைந்த சியாம் பகுதிப் பக்கம் இறங்கிவிடுவீர்கள். வீடுகளின் கொல்லைப்புறம், துணிக்கொடி, பூச்செடி, சின்னச் சின்ன மசூதி எல்லாம் கண்ணெதிரே வந்து போகும். இருட்டிய பிறகு இதை நம்பாதீர்கள், சீக்கிரம் நின்றுவிடும்.

சைவம் என்றீர்கள். வெறும் காய்கறி வதக்கலிலும் மீன் சாஸ் ஊற்றுவார்கள். அவர்களைக் கேட்டால் அது அசைவமே இல்லை. அதனால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து, பார்க்க ஏறக்குறைய 17 என்று எழுதியதுபோல இருக்கும், அந்தக் கடையைத் தேடுங்கள். அது சீன வழி "ஜே" உணவு. மீன் சாஸ், முட்டை மட்டுமல்ல, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. புரட்டாசி ஐப்பசி வாக்கில், பெரும்பாலும் நம் நவராத்திரியை ஒட்டி, ஒன்பது நாள் சைனா டவுன் முழுக்க இந்தக் கொடிதான். மற்ற நாட்களில் மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் உங்களைக் காப்பாற்றும். பாஹுரத் குருத்வாராவில் காலையில் லங்கர் என்னும் இலவசச் சாப்பாடு உண்டு, தலையை மூடிக்கொண்டு போங்கள்.

சதுசக் சந்தை சனி ஞாயிறுதான். மால்களை மழை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊர் பழகிய பிறகு ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து மூன்றாம் வகுப்பில் பழைய தலைநகரான அயுத்தயாவுக்குப் போய் வரலாம். டிக்கெட் 20 பாத் அளவில்தான், ஏசி கிடையாது, ஜன்னல் திறந்திருக்கும். வெளிநாட்டுக்காரர் என்று பாஸ்போர்ட் கேட்பார்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள்.